கேள்வி பதினேழு

மோயர் முனைச் சாவடியில் சங்கிலியை இறக்காமலே
காவலர் ஜேசுராஜா
என் அடையாள அட்டையை இரண்டு முறை படிக்கிறார்.
"ஏரிக்கு விலை போடவா வந்திருக்கீங்க?"
மதிப்பு, என்கிறேன். விலை இல்லை.
"சரி. பிளாஸ்டிக் இருந்தா இங்கயே வச்சிட்டுப் போங்க."

பேரிஜம்.
ஆறு நாள், இருநூறு படிவம்,
செல்லுபடியாகும் ஒவ்வொன்றுக்கும் எனக்கு நாற்பது ரூபாய்.
முறை எளிது:
எத்தனை தொலைவு கடந்து
எத்தனை செலவழித்து வந்தார்களோ
குறைந்தது அத்தனை பெறும் இந்தத் தண்ணீர்.

திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம்.
வேன் வாடகை, டீசல், அறை,
பனியன் கம்பெனியில் இரண்டு நாள் சம்பளப் பிடித்தம்.
"டம்டம் பாறை தாண்டினதுலருந்து
பையன் அஞ்சு தடவ வாந்தி,
அதையும் சேத்துக்குங்க" என்றாள் தாய்.
அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.

கரூர்ப் புதுமணத் தம்பதி.
ஏரியைக் காக்க ஆண்டுக்கு எவ்வளவு தருவீர்கள்?
நூறு என்றான் அவன், ஆயிரம் என்றாள் அவள்,
அதே நொடியில்.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையை
நான் பார்க்காததுபோல் பக்கத்தைத் திருப்பினேன்.

வெள்ளையம்மா
காலை ஏழுக்கு வனத்துறை ஜீப்பில் வந்து
கரையில் சிப்ஸ் உறை பொறுக்குகிறவர்.
பயணச் செலவு: இல்லை.
நாள்கூலி: நானூற்றுப் பன்னிரண்டு.
கழித்துப் பார்த்தால் இவருக்கு ஏரி மைனஸில் வருகிறது.
சொன்னேன்.
"ரெண்டு மாசமா கூலியே வரலையே,
அப்ப எவ்வளவு வரும்?"
அப்படியென்றால் பூஜ்யம்.
"அது பரவால்லையா, மைனஸுக்கு?"
சாக்கு நிரம்பியிருந்தது. கட்டப் போய்விட்டார்.

நான்காம் நாள் வீருசின்னு.
வாடகை ஜீப் ஓட்டுநர், ஊர் பெரியகுளம், தென்கரை.
பதினாறு கேள்விவரை பீடி புகையோடு பதில் வந்தது.
பதினேழு:
*அடுத்த ஆண்டு இந்த ஏரி வற்றிவிடும்
என்று வைத்துக்கொள்ளுங்கள்.*

பீடி கீழே விழுந்தது.
"வத்தப் போகுதா? யாரு சொன்னா?"
யாரும் சொல்லவில்லை, ஒரு பேச்சுக்கு.
"எங்க ஊருக்குக் குடிக்க இதுதானம்மா வருது.
தண்ணி விசயத்துல ஒரு பேச்சுக்குன்னு உண்டா?"
அவர் என் கையிலிருந்த அட்டையை, முத்திரையை,
'ஆய்வு மையம்' என்ற எழுத்தைப் பார்த்தார்.
அலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறினார்.
மனைவியிடம்தான் பேசினார் என்று நினைக்கிறேன்:
"டிரம்மைக் கழுவி வை."

தொகை சொல்லவில்லை.
கையேட்டின்படி அது எதிர்ப்புப் பூஜ்யம்,
குறியீடு தொண்ணூற்றொன்பது,
கணக்கிலிருந்து நீக்குக.
எனக்கும் நாற்பது ரூபாய் போயிற்று.

கடைசி நாள் இரண்டு மணிக்கு மஞ்சு இறங்கியது.
ஏரி போயிற்று. எதிரே மலை, பிறகு என் கைப்பலகை.
கோயம்புத்தூர்க் கூட்டமொன்று
"ஒண்ணுமே தெரியல, பாஸ் காசத் திருப்பிக் குடுங்க" என்று
ஜேசுராஜாவிடம் சண்டை போட்டது.
அன்று ஏரியின் மதிப்பு
மனிதருக்கு எவ்வளவு குறைந்ததென்று
துல்லியமாகத் தெரிந்த ஒரே மணிநேரம் அது.

மதிகெட்டான் சோலை வழியாகத் திரும்பினோம்.
உள்ளே போனால் வழி மறந்துபோகும் என்பார்கள்.
நான் வண்டிக்குள் இருந்தபடியே
சராசரி எடுத்தேன், ஆண்டு வருகையால் பெருக்கினேன்,
கோடிகளில் ஒரு எண் வந்தது.
அடுத்த வளைவில் மறுபடி போட்டேன்.
வேறு எண்.

இரவு, அடுக்கம் வழியாகக் கீழே.
பெரியகுளத்தில் மதுரை பஸ்ஸுக்குக் காத்திருக்கையில்
நிலையத்து மூலையில் ஒரு குழாய்
யாருமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.
கீழே ஒரு குடம், நிரம்பி வழிந்தபடி.
முந்தாநாள் நான் நின்ற கரையிலிருந்து
இறங்கி வந்த தண்ணீராக இருக்கலாம்.
இருநூறு படிவத்தில்
இங்கே குடிக்கிற ஒருவருக்கும் படிவமில்லை;
மலையேறி வந்தவரில் ஒருவரை நானே நீக்கினேன்.

குழாயை மூடினேன்.
திருகு தேய்ந்திருந்தது.
மூடிய பிறகும் சொட்டிற்று.
பஸ் வரும்வரை
உள்ளங்கையை அடியில் வைத்துக்கொண்டு நின்றேன்.